பின்கட்டுச் சிபாரிசு

“அக்கா, நான் வந்து கேட்டது மட்டும் அவரு காதுக்குப் போயிடக் கூடாது. தெரிஞ்சா என்னை வூட்டை விட்டே துரத்திடுவாரு!”

கிருஷ்ணம்மாள் குரலை இறக்கிச் சொன்னாள். பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பஸ் முதலாளியின் மனைவி செங்கமலம் சிரித்துவிட்டாள்.

“யாரு, உன் வூட்டுக்காரரா? எங்க பஸ் ஷெட்டுல இருவது வருஷமா கணக்கு எழுதற ரைட்டரா இருக்காரு. முதலாளி முன்னாடி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாரு. அவரு உன்னைத் துரத்துவாராக்கும்!”

“அதெல்லாம் உங்க ஷெட்டுலதான். வூட்டுக்குள்ள நுழைஞ்சா அவருதான் கலெக்டர்.”

இருவரும் செட்டிகுளத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். அரியலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அந்த உரிமையில்தான் கிருஷ்ணம்மாள் துணிந்து வந்திருந்தாள். மூத்த மகன் பஞ்சநாதன் திருச்சியில் படித்து, பி.ஏ. தேறி ஒரு வருஷம் ஆகிவிட்டது. யுத்தம் முடிந்த நேரம். எந்த ஆபீஸில் மனுப் போட்டாலும், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்குத்தான் முதல் இடம் என்று கையை விரித்தார்கள்.

“எட்டு எடத்துக்கு எழுதிப் போட்டான் அக்கா. இப்பல்லாம் தபால்காரரைக் கண்டாலே உள்ளே போய்ப் படுத்துக்கறான். பம்பாய்க்கு ரயிலேறிடறேன்னு மிரட்டறான். அவரு ஒருத்தரு சம்பளத்துல ஆறு பேரு உக்காந்து சாப்பிடறோம். இவனும் நாலு காசு கொண்டாந்தாத்தான் தங்கச்சிங்களைக் கரையேத்த முடியும்.”

“இதை உன் வூட்டுக்காரரே எங்கவரைக் கேட்டிருக்கலாமே?”

“நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன். ‘ஷெட்டுல இன்னொரு மேசை போட எடம் ஏதுடி?’ங்கறாரு. இது ஒரு பதிலா அக்கா? பெத்த புள்ளைக்காக வாயைத் தொறக்க அவருக்குக் கௌரவம் தடுக்குது!”

செங்கமலம் ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். “சொல்லிப் பார்க்கிறேன். ஆனா அவரு லேசுல மசியற ஆள் இல்லை. ஏன், எதுக்குன்னு குடைவாரு.”

காரியம் நழுவிவிடுமோ என்று கிருஷ்ணம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் சற்று நெருங்கி உட்கார்ந்தாள்.

“அவரு பாவம் அக்கா. முன்னை மாதிரி கண்ணும் தெரியலை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். புள்ளையும் பக்கத்துல இருந்தா ஒத்தாசையா இருக்கும். இதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

உண்மையில் அவள் கணவர் அமிர்தலிங்கம் எப்போதோ ஒரு நாள், விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிடச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு மனம் இளகட்டும் என்று அவள் ஒன்றைப் பத்தாக்கினாள். இளகியும் விட்டது, செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ கவலைப்படாமப் போ. நான் சொல்ற விதத்துல சொல்றேன்.”

நான்காம் நாள் சாயங்காலம் டிரைவர் கண்ணையன் வாசலில் வந்து நின்றான். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம் அது. பெரம்பலூர் போய்வந்த கரி அவன் புருவம்வரை அப்பியிருந்தது.

“ரைட்டரய்யா! நாளைக்குக் காலையில தம்பியை ஷெட்டுக்குக் கூட்டியாரச் சொன்னாரு முதலாளி. வேலை போட்டுக் குடுக்கறாராம்!”

அமிர்தலிங்கம் நம்பவில்லை. “முதலாளியா சொன்னாரு? பகல் பூரா அவரு எதிர்லதானே உக்காந்திருந்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“நல்லது நடக்கறப்போ எதுக்கு இந்த விசாரணை?” என்று அடக்கினாள் கிருஷ்ணம்மாள். கண்ணையன் கேட்காமலே அவனுக்கு ஒரு சொம்பு மோர் வந்தது.

பஞ்சநாதன் வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். “அப்ப பம்பாய்க்கு யாரு போறது? நான் வேணா போகட்டுமா அண்ணா?” என்று தங்கை வம்புக்கு இழுத்தாள். அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான்.

மறுநாள் காலையில் அப்பாவும் மகனும் சேர்ந்தே புறப்பட்டார்கள். கிருஷ்ணம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். அமிர்தலிங்கத்தின் நடையில் அன்று ஒரு துள்ளல் இருந்தது.

“முதலாளி முன்னாடி பி.ஏ. பெருமை பேசாதடா. பெர்மிட் கடுதாசி எழுதறதுதான் கொஞ்சம் சிக்கல். பயப்படாதே, நான் பக்கத்துலதான் இருப்பேன். தெரியாததை எங்கிட்ட கேளு.”

“சரிப்பா.”

தெருக்கோடி திரும்பும்வரை அந்தப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. இனி இந்த வீட்டில் இரண்டு பேர் சம்பாதிப்பார்கள். பெண்களுக்கு வரன் பார்க்கச் சொல்லி அண்ணனுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள்.

பால் பொங்கும் முன்பே வாசல் கதவு திறந்தது. அமிர்தலிங்கம் மட்டும் உள்ளே வந்தார். பகல் பஸ்கூட இன்னும் கிளம்பியிருக்காது.

“புள்ளை எங்கேங்க?”

“வேலை பார்க்கிறான். முதல் நாளே நல்லாத்தான் எழுதறான்.”

“அப்புறம் நீங்க ஏன் இந்நேரத்துக்கு வந்துட்டீங்க?”

அவர் சட்டையைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை. வேலை நாளில் பகல் வேளையில் அந்த வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

“என் மேசையிலதான் அவனை உக்கார வெச்சிருக்காங்க. நான் இனிமே வர வேணாமாம். வூட்டுல ஓய்வா இருங்கன்னு முதலாளி மரியாதையாத்தான் சொன்னாரு.”

கிருஷ்ணம்மாள் அடுப்பை மறந்தாள். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது.

“ஏ... ஏனாம்?”

“எனக்குக் கண்ணு தெரியலைன்னு யாரோ இரக்கப்பட்டுச் சொன்னாங்களாம், கிருஷ்ணம்மா.”