தாளில் நின்ற நீலம்

மாலை வெயில் ஆய்வக மேசையில் சரிந்து கிடக்கிறது. புனலில் விரித்த வடிதாளின் மேல் தாமிர அம்மோனியா உப்பு, பேனா மையின் நீலத்தில் படிகம் படிகமாக மின்னுகிறது. போன வாரம் இதே உப்பைப் பழக்கதோஷத்தில் தண்ணீர் விட்டுக் கழுவி, அத்தனையையும் கரைத்துவிட்டவள் இன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இன்றும் கரைத்துவிட்டால் மதிப்பெண் கிடையாது. தோழி, இந்த உப்பைக் கரைக்காத குளிர்ந்த ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி கேட்கிறாள், "தண்ணி பாட்டில் எங்கடி?" "எதிர் மேசையில வச்சுட்டேன். எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல." கீழே குடுவையில் விழும் சொட்டு வெளுத்து, நிறமே இல்லாமல் இறங்குகிறது. நீலம் தாளிலேயே நிற்கிறது. "இந்தா, நீயே அள்ளு" என்று தோழி கரண்டியை நீட்டுகிறாள். உலர்ந்திருக்கும் கைகளை மேலங்கியில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் அவள் அதை வாங்குகிறாள்.