காற்றுப் படாமல்

சோதனைக் குழாயில் மிச்சமிருந்தது ஒரு சொட்டைவிடக் கொஞ்சம் அதிகம்.

அது கடைசிக் குழாய்.

விடியும்போதே ஆய்வகத்திலிருந்து போன். டீப் ஃப்ரீசர் இரவே நின்றுவிட்டது, உள்ளே இருந்ததெல்லாம் உருகிவிட்டது என்றார்கள். தலைக்குக் குளித்தவள் துவட்டக்கூட இல்லாமல் ஓடி வந்தாள்.

இன்று அவள் கணவனுக்கு முதல் வருஷத் திதி.

உருகியதைத் திரும்ப உறைய வைத்துப் பயனில்லை. இன்றைக்குப் பார்த்தால் உண்டு. நாளைக்குக் குப்பை.

குழாயின் மேல் அவள் கையெழுத்து. கோஸ்ட்.

ரத்தத்தின் சிவப்பணுவை உடைத்து, உள்ளே இருக்கும் சிவப்பையெல்லாம் கழுவிவிட்டால் வெறும் தோல் வெள்ளையாக மிஞ்சும். அதற்கு இந்தத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் அது. ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்காத ஒரு நாளில் அவன்தான் கையை நீட்டினான். ஊசி என்றாலே முகம் வெளுக்கிறவன். குழாயில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“அடிப்பாவி, உயிரோட இருக்கும்போதே பேயாக்கிட்டியே!”

அந்த மழைக்காலத்திலேயே, பைபாஸில் ஒரு லாரி.

இப்போது அந்தத் தோலின் கொழுப்பைப் பிரித்து, ஒளிரும் சாயம் கலந்து, கண்ணாடித் துண்டின் மேல் விட்டிருந்தாள். அது தானாகப் பரவிப் படலமாகிவிடும். உயிருள்ள அணுவைச் சுற்றி இருந்தது போலவே. ஆனால் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும். காற்றுப் பட்டால் கிழிந்துபோகும்.

வெறும் கொழுப்பு என்று சொல்லிக்கொண்டாள். இதில் அவன் இல்லை.

கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியில் வைத்துத் திரையைப் பார்த்தாள்.

படலம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய லேசரால் சுட வேண்டும். சுட்ட இடத்தில் சாயம் அணைந்து கருவட்டம் விழும். படலம் ஓடிக்கொண்டிருந்தால் வட்டம் மூடிக்கொள்ளும். கெட்டிருந்தால் அப்படியே நிற்கும்.

“பொறுத்துக்கோ. ஊசிதான்” என்றாள். அறையில் வேறு யாரும் இல்லை.

சுட்டாள்.

பச்சை வெளிச்சத்தின் நடுவே கருவட்டம்.

நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

பிறகு விளிம்பு கலங்கியது. நாலா பக்கமிருந்தும் வெளிச்சம் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் வட்டம் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

சுட்டதில் கருத்த சாயத் துகள்கள் எங்கும் போய்விடவில்லை. மற்றவற்றோடு கலந்துவிட்டன. திரை முழுவதும் லேசாக மங்கியிருந்தது.

போன் அடித்தது. கொழுந்தன் பரணி.

“அண்ணி, எங்க இருக்கீங்க? எள்ளுந் தண்ணியும் விடச் சொல்றாரு ஐயர். நீங்க வர்ற வரைக்கும் நிறுத்தச் சொல்லவா?”

பிள்ளை இல்லாததால் பரணிதான் விட வேண்டும். பெண்கள் விடக் கூடாது, தள்ளி நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள்.

ஏசிக் காற்றில் கண்ணாடியின் மேல் தண்ணீர் குறைந்திருந்தது. இப்போது கிளம்பினால் திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும்.

“நிறுத்தாத பரணி. நீ விடு. போனை மட்டும் வச்சிடாத.”

போனை நுண்ணோக்கியின் பக்கத்தில் வைத்தாள். மந்திரம் கேட்டது. செம்பு தாம்பாளத்தில் இடிக்கும் சத்தம். நடுவில் ஐயர் அவள் கணவன் பெயரைச் சொன்னார். ஒரு வருஷமாக யார் வாயிலும் வராத பெயர்.

பிப்பெட்டில் தண்ணீரை எடுத்து, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டு விட்டாள்.

திரையில் வெளிச்சம் அசைந்தது.

தண்ணீர் விட்டால் படம் அசையத்தான் செய்யும். அது அவளுக்குத் தெரியும்.

ஐயர் மறுபடி பெயரைச் சொன்னார். மறுபடி விட்டாள். அசைந்தது.

மூன்றாம் முறை பெயரைச் சொன்னார்.

அசைந்தது.

சொட்டு இன்னும் பிப்பெட்டின் நுனியிலேயே நின்றுகொண்டிருந்தது.