இஞ்சினில் ஒரு பிசிறு

"சாவியைத் திருப்பு" என்று பானட்டுக்குள்ளிருந்து அவள் கணவரின் குரல் மட்டும் வந்தது.

அவள் திருப்பினாள். பழைய பிக்கப் ஒருமுறை இருமி, உடம்பெல்லாம் குலுங்கி, பிடித்துக்கொண்டது. ஆனால் ஓட்டத்தில் பிசிறு. நான்கு துடிப்புக்கு ஒன்றை விழுங்கிவிட்டு, வெட்கமே இல்லாமல் மறுபடி ஓடியது.

நாலு வருஷமாக அசையாமல் கிடந்த வண்டி ஓடுவதே பெரிய விஷயம். வேறு யாராக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட வந்திருப்பார்கள்.

இவர் வரமாட்டார். நாற்பது நாளாக இதே கதைதான். பாளம் பாளமாகப் படிந்திருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினார். உப்புத்தாளால் துருவைத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போய்விட்டது. எலி கடித்த வயர்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தார். ரப்பர் குழாய்களை ஒன்றுவிடாமல் மாற்றினார். இன்று பானட்டைத் தூக்கினால் உள்ளே சாப்பாடு பரிமாறலாம், அவ்வளவு சுத்தம். அவளுடைய சமையலறைக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அவள் வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு.

மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி வீடு. விடிந்தால் லாரி வந்துவிடும். தங்கள் மகள் இருக்கும் ஊருக்கே குடும்பத்தோடு போகிறார்கள், ஒரேயடியாக. அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருஷம் ஆகிறது.

சொத்துத் தகராறு எல்லாம் இல்லை. இருவரும் சேர்ந்து நடத்திய பட்டறையில் தம்பிக்குப் பெயரே 'காது'. இஞ்சினுக்குள் தீப்பொறி விழ வேண்டிய நேரத்தை, அதாவது டைமிங்கை, சத்தத்தைக் கேட்டே வைத்துவிடுவார். ஒருநாள் அண்ணன் டைமிங் பார்க்கிற விளக்கு ஒன்றை வாங்கி வந்து, வாடிக்கைக்காரர்கள் நாலு பேர் முன்னால், இனிமேல் உன் காதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்தார். கை கழுவினார். போனவர் போனவர்தான்.

அவர்கள் ஊரைவிட்டுப் போகிற சேதி வந்த அன்றுதான் இவர் இந்த வண்டியைத் திறந்தார். இருவரும் சேர்ந்து வாங்கிய முதல் வண்டி.

"இரும்புக்கு நாற்பது நாள் குடுக்கறீங்க. கூடப்பொறந்தவருக்கு ஒரு வார்த்தை குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று காலையில்கூடக் கேட்டுப் பார்த்தாள். அவர் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வம்சத்திலேயே கிடையாது.

இப்போது டைமிங்கைத் திருத்தும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு பக்கமாகத் திருகினார். பிசிறு கூடியது. மறுபடி அதே பக்கம் திருகினார். புகைக்குழாய் டப்பென்று வெடித்தது.

முப்பது வருஷ மெக்கானிக். திருகுகிற பக்கம் தப்பு என்று அவளுக்கே தெரிகிறது. வயதாகிவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துபோனாள். அணைத்துவிடலாம் என்று சாவியில் கை வைத்தாள்.

"தொடாதே" என்றார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. வண்டி அழுதது, வெடித்தது, மறுபடி அழுதது. அவர் அசைவதாக இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பெட்டி இழுக்கிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

கேட் திறந்தது.

தம்பி வந்தார். மணிக்கட்டில் பெட்டி ஒட்டுகிற டேப் இன்னும் ஒட்டியிருந்தது. அண்ணன் என்று ஒருவர் அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணி, காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்தறாரு உங்க வீட்டுக்காரரு. ஆக்ஸிலேட்டர்ல காலை லேசா வைங்க."

அண்ணன் ஓர் அடி விலகி இடம் கொடுத்தார்.

பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியே அவள் எட்டிப் பார்த்தாள். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. அது உட்காரும் இரும்பிலும் அதே அளவில் இன்னொன்று. சரியான இடம் கிடைத்ததும் மெக்கானிக் போட்டுவைக்கிற அடையாளம். இரண்டு கோடும் இப்போது ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நின்றன.

தம்பி அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து ஒருமுறை தேய்த்தார். விரலில் பெயின்ட் ஒட்டவில்லை. நன்றாகக் காய்ந்திருந்தது.

நேற்றுப் பகல் முழுக்க அவளும் தம்பி வீட்டாரும் நாத்தனார் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தார்கள். இவர் மட்டும் வரவில்லை. வேலை இருக்கிறது என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்க ஆளில்லாதபோது சரியாக வைத்து, கோடும் போட்டு முடித்திருக்கிறார்.

பாவி மனுஷன்.

தம்பி நாலு வருஷத்தில் முதல்தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகத் திருகினார். கோடும் கோடும் சேர்ந்தன. பிசிறு நின்றது. வண்டி ஒழுங்காக ஓடியது. அவ்வளவுதான் என்று அவள் மூச்சு விட்டாள்.

தம்பி கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினார்.

இஞ்சின் அடங்கியது. ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும் போல இருந்தது. இதற்கு முன் ஓடியது ஓட்டமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அண்ணன் குனிந்தார். கட்டைவிரல் நகத்தால், தான் போட்ட கோட்டைச் சுரண்டி அழிக்க ஆரம்பித்தார்.