ஐந்தாம் நம்பருக்கு அன்றே டெலிவரி

"அஞ்சாம் நம்பருக்கு மட்டும் போட்டுடாதேடி. வேற யாருக்கு வேணா போடு. இந்த வாரமாவது அவன் வெளியே வரட்டும்."

சலவைக்கடை வாசலில் ஓர் அம்மாள் போனில் பேசியது, உள்ளே ரசீது எழுதிக்கொண்டிருந்தவள் காதில் தெளிவாக விழுந்தது. பேனா நின்றுவிட்டது.

அந்தக் கடையில் அவளை எல்லோரும் ரசீது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளூர்ச் சேனலில் நடக்கும் நடனப் போட்டியில் ஐந்தாம் நம்பர் பையனுக்கு ஓட்டுச் சேர்ப்பது அவளுடைய இன்னொரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அதைத்தான் ஒழுங்காகச் செய்தாள்.

கல்லாவில் ஒரு சின்னக் கரும்பலகை உண்டு. முன்பு அதில் 'சாயம் போனால் கடை பொறுப்பல்ல' என்று இருந்தது. இப்போது, 'எண் 5-க்கு ஓட்டுப் போட்டால் அன்றே டெலிவரி.' போட்டதைப் போனில் காட்டவேண்டும். முதலாளி மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால் பலகை பிழைத்திருந்தது.

அந்தப் பையன் பம்பரமாகச் சுழல்வான். மூன்று வாரமாக ஒரு புதுமை வேறு. எவ்வளவு உயரம் தாவினாலும் வலது காலில் மட்டும் வந்து இறங்கினான், இடது காலைக் கொக்கு மாதிரி மடக்கிக்கொண்டு. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்றார். தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே ஒற்றைக் காலில் போனார்கள். கடையில் இஸ்திரி போடும் பெரியவர் சூடான பெட்டியும் கையுமாக அதைச் செய்துகாட்டப் போய், யாரோ ஒருவருடைய காலரைக் கருக்கிவிட்டார்.

அப்படிப்பட்ட பையன் தோற்கவேண்டுமென்று போன் போட்டுப் பிரசாரமா?

அந்த அம்மாள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். திரைச்சீலை வெளுக்கப் போட்டிருந்தாள். ரசீது அக்கா முடிவு செய்துவிட்டாள்.

புதன்கிழமை அந்த அம்மாள் வந்தபோது, இன்னும் காயவில்லை என்றாள். வியாழக்கிழமை, இஸ்திரி ஆகவில்லை. சனிக்கிழமை, மாட்டுகிற வளையம் ஒன்று காணோம், தேடிக்கொண்டிருக்கிறோம். திரைச்சீலையோ காகிதம் சுற்றி அவள் காலடியிலேயே சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. ஒவ்வொரு தடவையும் பலகையை ஒரு பார்வை பார்ப்பாள். சரிம்மா, நாளைக்கு வரேன் என்று போய்விடுவாள். சண்டை போட்டிருந்தால்கூட ரசீது அக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுக் குறைந்து யார் வெளியே என்று சொல்லும் நாள். கடைசியில் மேடையில் ஐந்தும் எட்டும் நின்றார்கள். அறிவிப்பாளர் வாயைத் திறப்பதும் விளம்பரம் போடுவதுமாக நாலு தடவை ஆயிற்று. ரசீது அக்காவின் கணவர் அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டார். எட்டாம் நம்பர் அழுதுகொண்டே போனது. ஐந்தாம் நம்பர் முப்பத்தெட்டே ஓட்டில் தப்பித்தான்.

கடையில் அவள் சேர்த்தது அறுபதுக்கு மேல்.

திங்கட்கிழமை காலை கடையே கல்யாண வீடாக இருந்தது. நாமதான் காப்பாத்தினோம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரர் இந்தமுறை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாவு தாவி, கொக்கு மாதிரி நின்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திரைச்சீலை அம்மாள் மட்டும் சிரிக்காமல் வாசலில் நின்றிருந்தாள்.

"அது ஸ்டைல் இல்லீங்க. இடது காலை ஊன முடியல அவனால."

"டிவியில பாத்தே கண்டுபிடிச்சிட்டீங்களாக்கும்?" என்றாள் ரசீது அக்கா.

"என் பையன்தாம்மா அவன்."

இஸ்திரிக்காரர் மடக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார்.

போட்டி முடியும்வரை எல்லோரையும் ஒரே விடுதியில் தங்கவைத்திருக்கிறார்களாம். பையனுடைய கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறதாம். உடனே ஆட்டத்தை நிறுத்தாவிட்டால் ஆயுசுக்கும் நொண்டவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மாள் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

"விட்டுட்டு வந்துடச் சொல்லலாமேம்மா?" என்றாள் ரசீது அக்கா.

"சொல்லாம இருப்பேனா? 'முகம் தெரியாத இத்தனை பேர் எனக்காக ஓட்டுப் போடுறாங்க. அவங்களா அனுப்பினா வரேன், நானா எப்படிம்மா வருவேன்'ங்கறான்." அவள் பலகையைப் பார்த்தாள். "இதைப் பாக்கும்போதெல்லாம் பெருமையாவும் இருக்கும், பயமாவும் இருக்கும். உங்க மேல கோபம் இல்லம்மா. அவன் ரூமுக்குத்தான் அந்தத் திரைச்சீலை. வந்தா பகல்லயும் படுத்தே கிடக்கணுமில்ல."

ரசீது அக்கா குனிந்து காலடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள்.

"வளையம் கிடைச்சிடுச்சும்மா" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அம்மாள் படியிறங்கும்போதே எதிர்வீட்டு டிரைவர் ஒரு மூட்டைச் சட்டையோடு உள்ளே வந்தார். போன் தயாராகக் கையில் இருந்தது.

"எல்லாம் இன்னிக்கே வேணும்க்கா. அஞ்சுதானே, அமுக்கிடவா?"

"ரெண்டுக்குப் போடுங்க."

"யாரு, அந்த ரப்பர் குழாய்க்கா? நேத்துவரைக்கும் அந்தப் பொண்ணுக்கு எலும்பே இல்லைன்னு திட்டினீங்க?"

ரசீது அக்கா ஈரத்துணியை எடுத்துப் பலகையை அழுத்தித் துடைத்தாள். சாக்பீஸை எடுத்து, தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுதினாள்:

'எண் 2-க்கு ஓட்டுப் போட்டால் அரை மணியில் டெலிவரி.'