மட்டக் குழாய் நின்ற இடம்

மட்டம் பார்க்கும் தலாத்தோ இருந்தாள். தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயின் ஒரு முனை அவள் கையில். மறுமுனை அவளோடு அளக்கும் ஸாலிஃப் கையில். கீழ்நிலத்துக்காரி போக்கோ இருந்தாள். கொத்தனார் டிராபோ இருந்தான். நான் இருந்தேன்.

வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் அப்போது மேட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தலாத்தோ நின்றுவிட்டாள்.

குழாயின் முனை என் மகன் ரஸ்மானேயின் வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கும் இடங்களை இணைத்துக் கல் அடுக்குகிறோம். புர்கினா ஃபாஸோவின் வடக்கில் மழை பெய்யாமல் இல்லை. பெய்தது நிற்பதில்லை. கல்வரி அதை நிறுத்தும்.

எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை. ஊர் கூடி முடிவு செய்தோம். யாருக்காகவும் கல்வரி வளையாது என்று அந்தக் கூட்டத்தில் சொன்னவன் நான். அந்தச் சொல்லின் பேரில்தான் ஊர்க் கொல்லர் கல்வரிக்குக் குறுக்கே இருந்த தன் ஆட்டுப்பட்டியைப் பிரித்தார்.

இந்த ஊரில் முதல் வீடு கட்டியவர் என் பாட்டனார். எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதைத் திரும்ப வாங்கியதில்லை.

"குழாய்ல காத்து புகுந்திருக்கும்," என்றான் ஸாலிஃப்.

மறுபடி அளந்தான். மறுபடியும்.

ஒரு குமிழ்கூட இல்லை. நான் பார்த்தேன்.

வட்டமான மண்வீடு. என் முற்றத்தில் கடைசி வீடு. ரஸ்மானே வேலை தேடி அபிஜான் நகரம் போனான். அங்கிருந்து லிபியா. அங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. மறுநாள் கடல் கடக்கப் படகு ஏறப்போவதாகச் சொன்னான். பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது. காற்றா, கடலா தெரியவில்லை. நான் கடலைக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு பல மழைக்காலங்கள். ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் அந்தக் கூரைக்குப் புதுப் புல் வேய்ந்தேன். உதவிக்கு யாரையும் கூப்பிட்டதில்லை.

எங்கள் ஊரில் உயிரோடிருப்பவன் சுவரில் கடப்பாரை வைக்க மாட்டார்கள். செத்தவன் வீட்டைத்தான் இடிப்பார்கள்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"வளைச்சு விட்டுரலாம் பாபா," என்றாள் போக்கோ. "கீழ இருக்கிறது என் நிலம்தானே? தண்ணி அறுத்துட்டுப் போனாப் போகட்டும். உங்களை வந்து கேட்க மாட்டேன்."

வளைத்த இடத்தில் தண்ணீர் சேரும். சேர்ந்த இடத்தில் உடைக்கும். உடைந்தால் அவள் சோளம் ஒரு தட்டை மிஞ்சாது. கணவனை இழந்தவள். வீட்டில் குழந்தைகள். இதெல்லாம் தெரிந்துதான் சொன்னாள்.

நான் டிராபோவைப் பார்த்தேன்.

அவன் சாமோ இனத்தவன். நாங்கள் மொஸ்ஸி. சாமோ மொஸ்ஸியை எப்போது வேண்டுமானாலும் கேலி செய்யலாம். மொஸ்ஸி கோபப்படக் கூடாது. நாய்த்தலை தின்பவன் என்று திருப்பிக் கேலி செய்யலாம். பாட்டன்மார் செய்துவைத்த ஏற்பாடு. என் மனைவியை அடக்கம் செய்த அன்று இவன் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டான். சேவல் கொடுத்தால்தான் எழுவேன் என்றான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போதும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். காலி வீட்டுக்குக் கூரை வேய்கிற கிழட்டு மொஸ்ஸி என்றாவது.

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

என் முற்றத்தில் நின்றுகொண்டு ஒரு சாமோ என்மேல் இரக்கப்பட்டான்.

"என்னடா நாய்த்தலை தின்னி, நாக்கை அந்த நாயே கொண்டுபோயிருச்சா? கடப்பாரையை எடு," என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீயே பிடி கிழவா. மொஸ்ஸிக்கு வேலை செஞ்சா என் கை அழுகிடும்."

சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

சாவி என் இடுப்பில் இருந்தது. பூட்டைத் திறந்தேன். ரஸ்மானேயின் சைக்கிளை வெளியே கொண்டுவந்தேன். டயர்கள் தட்டையாகியிருந்தன. பாயைச் சுருட்டி எடுத்தேன். வேறொன்றும் இல்லை.

தலாத்தோ சைக்கிளைப் பிடிக்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

முதல் அடி நான் அடித்தேன். நன்றாகக் கட்டிய சுவர். என் மகன் தன் கையால் கட்டியது. சுலபமாக விழவில்லை.

கூரைப் புல்லைப் போக்கோ சுமந்துபோனாள். இந்த வருடத்துப் புல். இன்னும் மஞ்சள் மாறவில்லை.

பொழுது சாய்வதற்குள் கல்வரி அந்த இடத்தைக் கடந்தது. மட்டம் தவறவில்லை.

முதல் மழையில் தண்ணீர் ரஸ்மானே படுக்கும் இடத்தில் வந்து நின்றது. நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டும்போது நிலம் அதைக் குடித்துவிட்டது.

போக்கோவின் சோளம் இப்போது அவள் தோளைத் தாண்டிவிட்டது. காலையில் அந்தப் பக்கம் போனால் வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து வணக்கம் சொல்கிறாள். நான் தலையசைத்துவிட்டு நடந்துவிடுவேன்.

சைக்கிள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டயரில் காற்று நிற்பதில்லை. அடித்து வைக்கிறேன்.

ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. ரஸ்மானே செத்த செய்தி எனக்கு வந்துவிட்டதாம். கௌரவத்துக்காக மறைக்கிறேனாம். அதனால்தான் வீட்டை இடித்தேனாம்.

பொய். செய்தி எதுவும் வரவில்லை.