சானல் பாலத்தில் காலி பஸ்

"இன்னைக்கும் ஒருத்தியும் ஏறலியா?"

சுயம்புராஜ் டிரைவர் பொன்னுலிங்கத்திடம் கேட்டார். அவன், பின்னால் பாருங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினான். மினி பஸ்ஸின் இருக்கைகள் அத்தனையும் காலி. யாருக்கு டிக்கெட் கிழிக்க என்று கண்டக்டரும் லீவு போட்டுவிட்டதால், முதலாளியான சுயம்புராஜே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

தக்கலையிலிருந்து இந்தத் தடத்தில் அரசு பஸ் கிடையாது. இவருடைய மினி பஸ் ஒன்றுதான். டீசல், டயர், வண்டி லோன் என்று எல்லாவற்றையும் யோசித்து, போன வாரம் டிக்கெட்டில் ஐந்து ரூபாய் கூட்டினார். இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், பிறகு ஏறிவிடுவார்கள், வேறு எதில் போவார்கள் என்று தைரியமாக இருந்தார்.

அவர்கள் காலால் போனார்கள். அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் எல்லோரும் சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரை வழியாக, சிரித்துப் பேசிக்கொண்டு வேலைக்கு நடந்தார்கள்.

"அந்த முன்னால போறவதான இதுக்கெல்லாம் தலைவி? ஆரு அவ?"

"பூங்கனி."

"நீ ஒரு வார்த்தை பேசிப் பாத்தா என்ன?"

"பேசாம இருப்பனா மொதலாளி? எனக்க பொழப்பும் இதுலதான கெடக்கு. பேசிப் பேசித் தொண்டத்தண்ணி வத்திப் போச்சு. அவ ஒண்ணு நெனச்சா நெனச்சதுதான். பழைய ரேட்டையே போட்டிருங்க."

சுயம்புராஜுக்கு எரிச்சல் வந்தது. முந்தைய டிரைவர் துபாய்க்குப் பறந்த அவசரத்தில் சேர்த்த ஆள் இவன். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முதலாளிக்கே யோசனை சொல்கிறான். சானல் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பெண்கள் சாலையை விட்டுக் கரைக்குத் திரும்பும் இடம் அது. இரண்டு கையிலும் தூக்குவாளியோடு பூங்கனி முன்னால் வந்தாள்.

முதலில் நயமாகப் பேசிப் பார்த்தார். அவளை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, இனிமேல் அவளுக்கு டிக்கெட்டே வேண்டாம், மற்றவர்களை ஏறச் சொன்னால் போதும் என்றார்.

"அப்பம் இவளுவளுக்க காசுல நான் சவாரி போணும். அப்படித்தான அண்ணாச்சி?" அவள் குரலைத் தணிக்கவே இல்லை. "போக வர பத்து ரூவா கூடுது. அண்டி ஆபீஸ்ல பத்து பைசா கூலி கூட்டினானா? காலு இருக்கு, நடக்கோம்."

நயம் எடுபடவில்லை என்றதும் சுயம்புராஜ் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இப்படியே போனா நாளைக்கே வண்டிய ஷெட்டுல ஏத்திருவேன். அப்புறம் இந்த டிரைவருக்கு வேல இல்ல. பிள்ளகுட்டிக்காரன். அவன் வீட்டுல அடுப்பு எரியலேன்னா அந்தப் பாவம் உன்னத்தான் சேரும். அவனுக்கு நீயா கஞ்சி ஊத்துவே?"

பூங்கனி பஸ்ஸைப் பார்த்தாள். பொன்னுலிங்கம் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஊத்துதேன்," என்றாள். "டிரைவருக்குள்ள கஞ்சிய நான் பாத்துக்கிடுதேன். நீங்க ரேட்ட சொல்லுங்க."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஷெர்லி என்ற சின்னப் பெண் ஷாலால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சுயம்புராஜுக்கு விளங்கவில்லை.

பழைய ரேட்டுக்கு இறங்கினால், தாங்கள் மட்டுமல்ல, சானலுக்கு அக்கரையிலிருந்து நடந்து வரும் பெண்களையும் இந்த வண்டிக்கே கூட்டிவருவதாகப் பூங்கனி சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் கரையில் இறங்கினாள். மற்றவர்களும் பின்னால் இறங்கினார்கள்.

சுயம்புராஜ் காலி பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். காலி பஸ்ஸும் டீசல் குடிக்கத்தான் செய்கிறது. லோன்காரன் கூட்டம் இருந்ததா என்று கேட்டு வரப்போவதில்லை.

"செரி, நில்லு. பழைய ரேட்டுதான். ஏறுங்க எல்லாரும்."

அக்கரைப் பெண்களும் பாலம் தாண்டி வந்து ஏற, ஐந்தே நிமிடத்தில் பஸ் நிறைந்தது. டிக்கெட் கிழிக்கும் சத்தம் சுயம்புராஜின் காதுக்கு இதமாக இருந்தது. அவள் வீம்புக்காரிதான், ஆனால் சொன்ன சொல் மாறாதவள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பூங்கனி கடைசியாக ஏறினாள். தன் டிக்கெட்டுக்குக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக டிரைவர் பக்கம் போனாள். இரண்டு தூக்குவாளியில் ஒன்றை அவன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரேட்டுக்கு சண்டன்னா அது ரேட்டோட. அதுக்காவ கஞ்சிய வீட்டுலயே வச்சிட்டா வருவிய? நீங்க கோவிச்சிட்டு வாறத பிள்ளியளும் பாத்துட்டுல்லா இருக்கு," என்றாள் புருஷனிடம்.