சத்தியத்தில் சேராத பாஷை

"மனசுல இருக்கறத முதல்ல சொல்லணும். வருத்தமா, சந்தோஷமா, உறுதியா? அப்புறம் ஒரு 'தட்' போட்டு விஷயத்துக்கு வரணும். எங்க, சொல்லுங்க பார்ப்போம்!"

போடியில் ஏலக்காய்க் கடை மாடியில் ஆங்கில வகுப்பு நடத்தும் வித்யா கைதட்டினாள். குரங்கணி ஜீப் டிரைவர் அருண்பாண்டி எழுந்து, எதிர் பெஞ்சு சுகன்யாவைப் பார்த்தான்.

"ஐயாம் சாரி தட் ஐ ஷவுட்டட்."

"ஐயாம் ஷ்யூர் தட் யூ வில் ஷவுட் அகெய்ன்," என்றாள் அவள் வெடுக்கென்று.

"ஐயாம் சேட் தட் யூ ஆர் ஃபார் அவே," என்றான் அவன்.

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றினாள்.

வித்யா அவசரமாக வகுப்பை முடித்தாள். விஷயம் கடைத்தெருவுக்குப் போனால் நாளைக்கே வகுப்புக்குப் பூட்டுதான். மற்றவர்கள் போனதும் இருவரையும் நிறுத்தினாள்.

"காதல் பண்ண வேற எடம் கெடைக்கலையா? அந்தப் பொண்ணு கழுத்துல தாலி இருக்கு, கண்ணு தெரியலையா?"

"நான் கட்டுனதுதான் டீச்சர்."

"புருஷன் பொண்டாட்டி பேசிக்க என் வகுப்பு எதுக்கு?" என்றாள் வித்யா.

"சண்டையில, இனிமே பேச மாட்டோம்னு கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டோம் டீச்சர். இவ சிலமலைக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. சத்தியம் பண்ணப்போ ரெண்டு பேருக்கும் தமிழ் மட்டுந்தானே தெரியும்? இங்கிலீசு அதுல சேராதுல்ல!"

"இப்ப சமாதானம்தானே?" என்றாள் வித்யா.

"இன்னிக்கே வீட்டுக்குப் போறேன் மிஸ்," என்ற சுகன்யா, பையை எடுத்துக்கொண்டாள். "ஆனா இந்தாளத் திட்டுறதுக்கு ஒரு பாடம் இருக்குமே, அதை வெரசா நடத்திருங்க."